முட்டைச் சட்டிக்கு ஒரு மூடி

போன மாதம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நான் வேலை பார்த்த அங்கன்வாடிக்குப் புதிதாக வந்திருக்கிறவள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். திண்ணையில் உட்கார்ந்ததும், கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், நீங்க எப்படிப் புள்ளைங்கள உக்கார வெச்சீங்க? ஒண்ணும் அடங்க மாட்டேங்குது. கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே போச்சு."

குரல் கட்டித்தான் இருந்தது. மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்து, வாய்க்கு வந்த இரண்டு யோசனைகளைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் பஸ் ஏறிய பிறகுதான், சொல்லியிருக்க வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்று உறைத்தது. ஆகவே எழுதுகிறேன். அவளை மனதில் வைத்து எழுதினாலும், மூன்று நான்கு வயதில் வீட்டில் ஒரு வாலை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்கள் யாரும் படிக்கலாம்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அந்த வருடம்தான் நான் வேலையில் சேர்ந்தேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பால்வாடி. ஓட்டுக் கட்டிடம், ஒரே அறை, பின்னால் ஒட்டினாற்போல் அடுப்படி. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை இருபது, இருபத்தைந்து பிள்ளைகள். நானும் ஓர் ஆயாவும். 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. பத்தாவது, அப்புறம் துறையில் கொடுத்த பயிற்சி. இதில் சொல்லப்போகும் ஆராய்ச்சிகள் எல்லாம் ஓய்வுக்குப் பிறகு காதில் விழுந்தவை. மகள் வயிற்றுப் பேத்தி கோயம்புத்தூரில் உளவியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் பாடத்தை வாசித்து எனக்குத் தமிழில் சொல்லுவாள். அவளுக்குப் பரீட்சைக்கு ஆகும், எனக்குப் பொழுது போகும் என்று ஆரம்பித்தது. அவள் வாசிக்க வாசிக்க என் பால்வாடி முகங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. சில முகங்களைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

முட்டை நாளிலிருந்து தொடங்குகிறேன்.

முட்டை போடுகிற நாளில் வருகை கூடும். ஜுரம் அடிக்கிற பிள்ளைகூட அம்மா இடுப்பில் ஏறிக்கொண்டு வந்துவிடும். எல்லாத் தட்டிலும் சாதம் விழுந்த பிறகு, எல்லோரும் சேர்ந்துதான் கை வைக்க வேண்டும் என்பது என் சட்டம். ஆயா கடைசித் தட்டுக்கு வரப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் போர்க்களம். அதை அடக்க நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். உரித்த முட்டைச் சட்டியைத் தூக்கிவந்து அறை நடுவில், பிள்ளைகள் கண்ணெதிரே வைத்தேன். முட்டை எங்கேயும் ஓடிப்போகவில்லை, பேசாமல் இருந்தால் கிடைக்கும் என்று கண்ணாலேயே தெரிந்துவிட்டால் அமைதியாக இருப்பார்கள் என்பது என் கணக்கு.

மூன்று பிள்ளைகளைச் சொல்கிறேன். பேர் வேண்டாம், பிள்ளைகுட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

ஒருவன் செங்கல் சூளை வேலைக்காரர் மகன். அவனுக்குக் கை முன்னால் போகும், மனசு பின்னால் வரும். முட்டையை எடுத்து வாயில் போட்டுவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்ப்பான். தப்பு செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது போல முகம் போகும். அவனிடம் எல்லாமே பெரிசு. ஆசை பெரிசு, சிரிப்பு பெரிசு, அழுகை தெருமுனை வரை கேட்கும்.

இன்னொருத்தி சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் இருப்பாள். ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தால்கூட ஓட்டமாட்டாள். "அவளப் பாருங்கடா, அவளும் புள்ளதானே" என்று மற்றவர்களுக்குக் காட்டுவேன்.

மூன்றாவது ஆள் ஒரு வாயாடி. அவன் சட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்வான். சுவரில் பல்லி எண்ணுவான். ஓட்டு இடுக்கு வழியாகத் தரையில் விழும் வெயில் வட்டத்துக்குள் கட்டைவிரலை வைத்து எடுத்து வைத்து எடுத்து விளையாடுவான். ஏதாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருப்பான். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. "இந்தப் பக்கம் திரும்புடா" என்று தோளைப் பிடித்துத் திருப்பி உட்காரவைப்பேன். திருப்பி வைத்த அரை நிமிஷத்தில் அவன் கையும் சட்டிக்குள் போகும். முதுகில் ஒன்று வாங்குவான். மறு வாரமும் இதே கதை.

ஒரு நாள், ஈ மொய்க்கிறது என்று ஆயா சட்டியை வெளியே கொண்டுவர மறுத்துவிட்டார். மூடி போட்டு அடுப்படியிலேயே வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சத்தம் பாதிக்குப் பாதி குறைந்தது. ஆயாவின் கட்டைக் குரலுக்குப் பிள்ளைகள் பயப்படுகின்றன என்று நான் நினைத்துக்கொண்டேன். மூடியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பல வருடம் கழித்துப் பேத்தி வாசித்தாள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிங் நர்சரிப் பள்ளியில், 1960-களின் கடைசியில் வால்டர் மிஷெல் என்பவர் பிள்ளைகளைத் தனியறையில் உட்காரவைத்துச் சோதனை செய்திருக்கிறார். இப்பவே வேண்டுமென்றால் சின்னப் பண்டம். நான் திரும்பி வரும்வரை பொறுத்தால் அதைவிட நல்ல பண்டம். கூடிப்போனால் 15 நிமிடம். பஞ்சு மாதிரி இருக்கும் மார்ஷ்மெல்லோ என்ற மிட்டாயின் பேரில் இது உலகம் முழுக்கத் தெரிந்த சோதனையாம். 1970-ல் எப்பெசன் என்பவரோடு சேர்ந்து மிஷெல் வெளியிட்ட கணக்குதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. இரண்டு பண்டமும் கண்ணெதிரே இருந்தபோது பிள்ளைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் தாக்குப்பிடித்தன. இரண்டுமே கண்ணில் படாதபோது 11 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தன. இதில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. பண்டம் கண்ணில் பட்டால் காத்திருக்க உதவும் என்றுதான் அந்தப் படித்தவர்களும் முதலில் நினைத்திருக்கிறார்கள். என் கெட்டிக்காரத்தனமேதான்.

காத்திருந்த பிள்ளைகள் என்ன செய்தன என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணைப் பொத்திக்கொண்டன. தமக்குத்தாமே பாடின. கையையும் காலையும் வைத்து ஏதோ விளையாட்டு கண்டுபிடித்தன. தூங்கிப்போகப் பார்த்தன. பேத்தி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினாள்: "அம்மாச்சி, இது உன் பல்லி எண்ற பையன்!"

அவனேதான். யாரும் சொல்லித்தராமல் அந்த நாலு வயது வாயாடிக்குக் கைவந்த வித்தை அது. நான் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பி அதைக் கெடுத்தேன்.

ஆசையை நேருக்கு நேர் முறைத்துப் பார்த்து ஜெயிப்பதுதான் கட்டுப்பாடு என்று நமக்கு ஒரு எண்ணம். சர்க்கரை வந்த பிறகு என் வீட்டுக்காரர், அதிரச டப்பாவைப் பரணில் ஏற்றச் சொன்னார். அறுபத்தெட்டு வயது மனிதருக்குப் பரண் வேண்டியிருக்கிறது. மூன்று வயதுக்காரன் மட்டும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கை கட்டி இருக்க வேண்டும்.

பிள்ளையின் கண் எங்கே போகிறதோ அங்கேதான் கையும் போகும். கண்ணைத் திருப்பத் தெரிந்தால் கை நிற்கும். இதை நான் சேர்ந்த முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தால் எத்தனை முதுகு தப்பித்திருக்கும்.

அந்த அசையாத பெண்ணின் கதை வேறு. பால்வாடிக்கு வந்த முதல் ஆறு வாரம் அம்மாவின் சேலைத் தலைப்பை விடவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் உட்கார்ந்த இடத்திலேயே போய்விடுவாள். பாவாடை நனைந்தது தெரிந்தால் கண்ணில் தண்ணீர் மட்டும் வரும், சத்தம் வராது. ஒரு நாள் கயிறு கட்டித் தாண்டச் சொன்னேன். கயிறு முழங்கால் உயரம்கூட இல்லை. அவள் அப்படியே நின்றாள்; உதடு வெளுத்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. முட்டைச் சட்டிக்கு முன்னால் அவள் அசையாமல் இருந்தது பொறுமையா, பயமா?

ஓரிகன் பல்கலைக்கழகத்தில் மேரி ராத்பார்ட் என்ற அம்மா பிள்ளைகளின் பிறவிக் குணத்தை ஆயுசு முழுக்க ஆராய்ந்தவர். அவர் அதில் இரண்டு பங்கு பார்க்கிறார். எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறது என்பது ஒரு பங்கு. கிளம்பியதை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பது இன்னொரு பங்கு. பயத்தில் தானாக உறைந்து நிற்பது முதல் பங்கில் சேரும். வேண்டும்போது நிறுத்தவும், வேண்டும்போது தயக்கத்தைத் தள்ளிவிட்டு முன்னால் போகவும் முடிவதுதான் இரண்டாவது. அது மெதுவாக, கவனம் வளர வளர வருகிறது; மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் நடுவில்தான் வேகமாக வளர்கிறதாம். அந்தப் பெண்ணை 'அடக்கமான பிள்ளை' என்று நான் ஊருக்குக் காட்டியது, கிளம்பாத வண்டியைப் பார்த்து பிரேக் நன்றாக இருக்கிறது என்று மெச்சியது மாதிரி. முதல் சான்றிதழைப் பல்லி எண்ணினவனுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அவளை அப்புறம் எப்படி மீட்டேன் என்றால், மீட்கவில்லை, காத்திருந்தேன். காலையில் தட்டுகளை எண்ணி அடுக்கும் வேலையை என்னோடு சேர்ந்து செய்ய விட்டேன். என் பக்கத்தில்தான் நிற்பாள், யாரிடமும் பேச வேண்டாம். பிறகு ஒரு நாள், "நீயே குடு" என்று ஒரு தட்டைக் கையில் வைத்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு ஓடிவந்து என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். பொங்கலுக்குள் இருபது தட்டையும் அவளே கொடுத்தாள். ஒரு நாள் சூளைக்காரர் மகன் முண்டியடித்து வந்தபோது, "வரிசையில நில்லுடா" என்றாள். நானும் ஆயாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தாய்மார்கள் வந்து அடிக்கடி சொல்லுவார்கள்: "டீச்சர், ரெண்டும் ஒரே வயித்துலதான் பொறந்துச்சு. பெருசு சாது. இது மட்டும் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல." வளர்ப்பில் குறை இருக்குமோ என்று அவர்களுக்குள் ஒரு குடைச்சல். நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற டாக்டர் தம்பதி 1956-ல் தொடங்கி, பச்சைக் குழந்தையிலிருந்தே பிள்ளைகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பத்துக்கு நாலு குழந்தை சுலபமானது. பத்தில் ஒன்று வளர்க்கச் சிரமமானது. நூற்றுக்குப் பதினைந்து தயங்கித் தயங்கி ஒட்டுவது. மீதி எந்த வகையிலும் அடங்காத கலவை. பிள்ளைக்கு எந்தக் குணம் இருக்கிறது என்பதைவிட, அந்தக் குணத்துக்கும் வீட்டின் எதிர்பார்ப்புக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதுதான் பெரிய விஷயம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். பத்துப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்கிறோம். பிறந்த பிள்ளைக்கும் நமக்கும் உள்ள பொருத்தத்தை மட்டும் பார்க்கிறதில்லை. பிள்ளைதான் பொருந்திக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுகிறோம்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மருந்து என்ற வழக்கத்தை முதலில் விட வேண்டும். பயந்த பிள்ளையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாலே போதும். அங்கே உருட்டி மிரட்டினால், நீ சொன்னது அதன் காதில் ஏறாது. உன் முகம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். பயமே இல்லாத பிள்ளையிடம் மிரட்டலும் செல்லாது, மெதுவாகச் சொன்னதும் செல்லாது. சூளைக்காரர் மகனை நான் எத்தனையோ அடித்திருக்கிறேன், துடைத்துவிட்டுப் போய்விடுவான். அவன் என்னோடு ஒட்டியது, குளத்தங்கரையில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த நாளில். மஞ்சள் வைத்துக் கட்டி மடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் என் சொல்லுக்காக ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று கையை இழுத்துப் பிடிக்கப் பார்த்தான். அயோவா பல்கலைக்கழகத்தில் கிராஸினா கோஹான்ஸ்கா என்பவர் இதையே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்: பயந்த பிள்ளைக்கு மென்மையான கண்டிப்பு; அஞ்சாத பிள்ளைக்கு உறவின் நெருக்கம்.

இன்னொரு விஷயம், வயது. மூன்று வயதுப் பெண் ஒருத்தி சத்துமாவு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதைக் கதவு மறைவிலிருந்து பார்த்தேன். "தொடக் கூடாது, டீச்சர் திட்டும்" என்று வாய் சொல்லுகிறது. கை மாவுக்குள் முழங்கை வரை இருக்கிறது. "தொடக் கூடாது" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு ஒரு பிடி வாயில் போட்டாள். அந்தக் காலத்தில் எனக்கு அது கள்ளத்தனமாகத் தெரிந்தது. மாஸ்கோவில் அலெக்சாண்டர் லூரியா என்ற அறிஞர் சின்னப் பிள்ளைகள் கையில் அமுக்குகிற ரப்பர் பந்தைக் கொடுத்து, 'அமுக்காதே' என்று அவர்களையே சொல்லிக்கொள்ளச் சொன்னார். மூன்று வயதுப் பிள்ளைகள் அமுக்காதே என்று சொல்லிக்கொண்டே அமுக்கின. அந்த வயதில் வாய் சொல்வதைக் கை இன்னும் கேட்பதில்லை. சட்டம் தெரியும்; சட்டம் கைக்குப் போய்ச் சேருவதற்கு இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஆகும். தெரிந்தே செய்கிறாள் என்று மூன்று வயதை அடிக்கிறவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

அந்த இடைவெளியை நிரப்ப நம் விளையாட்டுகளைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. நான் அதிகம் ஆடியது பறக்கிற விளையாட்டு. வட்டமாக உட்கார்ந்து, "காக்கா பற" என்பேன். எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். "கொக்கு பற", "குருவி பற" என்று வேகமாகப் போய் நடுவில் "எருமை பற" என்பேன். தூக்கின கை அவுட். முதல் மாதத்தில் எருமையோடு சேர்ந்து வகுப்பே பறக்கும். சூளைக்காரர் மகன் நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே கையைத் தூக்கிவிடுவான். பிறகு ஒரு தந்திரம் கண்டுபிடித்தான்: கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, காக்காவா எருமையா என்று கேட்ட பிறகுதான் உருவுவான். கல்லா மண்ணா, சிலை மாதிரி நிற்கிற ஆட்டம், கண்ணாமூச்சியில் எட்டிப் பார்க்காமல் பத்து வரை எண்ணுவது எல்லாவற்றிலும் இதேதான் நடக்கிறது. உடம்பு ஒன்றுக்குத் துடிக்கும், காது வேறொன்றைக் கேட்டு நிறுத்தும். ஆராய்ச்சிக்காரர்கள் சூரியன் படத்தைக் காட்டி 'ராத்திரி' என்றும், நிலாப் படத்தைக் காட்டி 'பகல்' என்றும் சொல்லச் சொல்கிறார்கள். மூன்றரை வயதில் பிள்ளை தடுமாறிப்போகும். ஆறு, ஏழு வயதில் சிரித்துக்கொண்டே சொல்லும். விளையாட்டு வேளையைக் குறைத்து எழுத வைக்கச் சொல்லும் பெற்றோர்கள் உன்னிடமும் வருவார்கள். என்னிடம் வந்தவர்களுக்கு நான் எருமையைத்தான் பறக்கவிட்டுக் காட்டினேன்.

இனி நான் செய்த பெரிய தப்பு. ஒரு வருடம், விளையாட்டுச் சாமான் வருகிறது என்று மேலே இருந்து சொன்னார்கள். பந்து, மர வண்டி, செப்பு. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "சத்தம் போடாம இருந்தா நாளைக்குப் புதுப் பந்து வரும்." இரண்டு நாள் அற்புதமாக வேலை செய்தது. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓட்டினேன். பந்து வரவே இல்லை. நாலாவது வாரம் நான் "நாளைக்கு" என்று வாயெடுத்ததும் பல்லி எண்ணுகிற பையன் சொன்னான்: "நாளைக்கு வராது." ஆத்திரமாகச் சொல்லவில்லை. மழை வராது என்கிற மாதிரி சொன்னான். அந்த வாரம் முட்டை நாளில் அவன் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. சாதம் விழுந்ததும் தின்ன ஆரம்பித்துவிட்டான். 'முட்டையும் வராமல் போனால்?' என்று கணக்குப் போட்டிருப்பான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செலஸ்ட் கிட்டும் கூட்டாளிகளும் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பேத்தி வாசித்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. 28 பிள்ளைகள். படம் வரைய நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன், பொறுத்திரு என்று சொல்கிறார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். பாதிப் பேருக்கு, மன்னித்துக்கொள், இல்லை என்று வெறுங்கையோடு வந்தார்கள். ஸ்டிக்கர் விஷயத்திலும் அப்படியே. அதற்குப் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. சொல் தவறாத பெரியவரைப் பார்த்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தன. ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். முழு 15 நிமிடம் இருந்தவர்கள் அந்தப் பக்கம் 14-க்கு 9. இந்தப் பக்கம் 14-க்கு 1. இந்தக் கிட் என்பவர் அதற்கு முன் வீடில்லாத குடும்பங்கள் தங்கும் விடுதியில் தொண்டு செய்தவராம். அங்கே கையில் கிடைத்ததை உடனே தின்னாத பிள்ளைக்கு அப்புறம் அது இருக்காது. பெரிய பிள்ளை பிடுங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் பொறுமை புத்திசாலித்தனமா என்று கேட்டால் நானும் இல்லை என்றுதான் சொல்லுவேன். கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 'ஆலாய்ப் பறக்குது' என்று பேசுகிறவர்கள், அந்த வீட்டில் 'நாளைக்கு' என்று சொன்னது எத்தனை தடவை வந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

பந்தைக் கடைசியில் நானே மன்னார்குடி கடையில் வாங்கினேன். அந்தப் பையன் அதை இரண்டு நாள் தொடவில்லை.

இதையெல்லாம் கேட்டு, நாலு வயதில் முட்டைக்குப் பறந்தவன் வாழ்க்கையில் தேறமாட்டான் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. நியூசிலாந்தில் டுனீடின் ஊரில் 1972-73-ல் பிறந்த 1,037 பிள்ளைகளை விடாமல் தொடர்ந்து பார்த்து, சின்ன வயதில் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள் 32 வயதில் உடம்பிலும் பணத்திலும் மேலாக இருந்தார்கள் என்று 2011-ல் எழுதியிருக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் அங்கே பல வருடம், பல பேர் சொன்னதைச் சேர்த்து அளந்தார்கள். ஒரு மிட்டாயை வைத்து அளக்கவில்லை. மிட்டாய்ச் சோதனையை மட்டும் 2018-ல் 900 பிள்ளைகளுக்கு மேல் வைத்து மறுபடி பார்த்தபோது, குடும்பச் சூழ்நிலையையும் மற்றதையும் கணக்கில் எடுத்ததும் அதன் முன்னறிவிப்பு மிகவும் சுருங்கிவிட்டது. கேமரூன் நாட்டு நஸோ இனத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் ஊர் எண்ணெய்ப் பலகாரத்தை வைத்துச் சோதித்தார்கள். அதில் 70 சதவீதம் பேர் கடைசி வரை காத்திருந்தார்கள். ஜெர்மன் பிள்ளைகளில் 28 சதவீதம். ஊர் வழக்கம், வளர்ப்பு, பண்டம், சொன்னவர் யார் என்று எத்தனையோ இருக்கிறது இதில். அந்த ஜெர்மன் பிள்ளைகள் எல்லாம் உருப்படாமல் போய்விடுமா என்ன?

அழுகிற பிள்ளை கையில் போனைக் கொடுப்பது பற்றி, என்னைத் தேடி வந்த அந்தப் பெண் கேட்டாள். அதற்கும் ஒரு வார்த்தை. காக்கா பார், நிலா பார் என்று அழுகிற பிள்ளையின் கண்ணைத் திருப்புவது நம் பாட்டிமார் கண்ட வழி. ராத்பார்ட் அம்மாவும் கூட்டாளிகளும் 1997-ல் கைக்குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். புதுப் பொருளைக் காட்டியதும் அழுகை நின்றது. பொருளை எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து கிட்டத்தட்ட அதே அளவில் திரும்பி வந்தது. போனைப் பிடுங்கியதும் வீடு அதிருகிறதே, அதுதான் இது என்பது என் எண்ணம். காக்கா தானே பறந்துவிடும். எங்கே போச்சு என்று பிள்ளை தேடும். நீ அதற்குப் பதில் சொல்லுவாய். அதற்குள் அழுகைக்கு என்ன காரணம் என்பதும் பேச்சில் வந்துவிடும். போனில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அதற்காக, ஜுரத்தில் கிடக்கிற பிள்ளைக்கு ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினால் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி உனக்கு, அம்மா. அடுத்த முட்டை நாளில் சட்டியை மூடி அடுப்படியிலேயே வை. ஈ மொய்க்கவில்லை என்றாலும் வை. ஆயா பரிமாறும்போது பிள்ளைகள் சுவர்ப் பக்கம் திரும்பினால் திரும்பட்டும், பாடினால் பாடட்டும். கை முன்னால் போகிறவனை உன் பக்கத்தில் உட்காரவைத்து, வந்து விழுகிற தட்டை எண்ணச் சொல். மூலையில் அசையாமல் ஒருத்தி இருப்பாள். அவளை ஒரு தரம் போய்ப் பார். புது விளையாட்டுச் சாமான் வருகிறது என்று யாராவது சொன்னால், அது வந்து இறங்கும் வரை பிள்ளைகளிடம் சொல்லாதே. தொண்டைக்கு மிளகுக் கஷாயத்தில் கொஞ்சம் பனங்கற்கண்டு சேர்த்துக்கொள். அன்றைக்கு நான் போட மறந்துவிட்டேன்.